மேட்டு மனைக்குக் கேட்ட தவணை

பிள்ளைகளே, யுத்தம் முடிந்த சமயம் அது. அரியலூரில் ஒரு கடலை மண்டியில் நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். நம் வீடு ஓடைக்கரைத் தெருவில் இருந்தது. தெரு முழுக்கப் பனையோலைக் கூரைதான்.

ரயிலடிப் பாதையை அகலமாக்கித் தெருவையே மேட்டுக்கு மாற்றுவது என்று பஞ்சாயத்து போர்டில் திட்டம் போட்டார்கள். மாசி மாதம் வீட்டுக்கு ஒரு மனை அளந்து கல் நட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வருஷத்துக்குள் அங்கே வீடு எழும்பவேண்டும், இல்லாவிட்டால் மனை கைவிட்டுப் போகும். அதுவரைக்கும் பழைய வீட்டில் ஓர் ஓலைகூட மாற்றக் கூடாது. இடிக்கப்போகிற வீடாயிற்றே.

ஒரு வருஷம் என்றால் நிறைய மாதிரித் தெரியும். எண்ணிப் பாருங்கள். பங்குனி, ஆனி, ஆடியில் கடைக்கால் எடுக்கமாட்டோம். ஆவணியில் தொடங்கினால் மண்சுவர் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மார்கழி ஆகாது. தை பிறந்தால் அறுப்பு, ஆளே கிடைக்காது. மிச்சம் சித்திரையும் வைகாசியும்தான். அந்தச் சித்திரையில் உங்கள் அம்மாவுக்கு ஆறாம் மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டுக்காரன் கடைக்கால் வெட்டக் கூடாது என்பது நம் வழக்கம். அதற்கு முன் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. வழக்கத்தை மீற எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

போர்டு கூட்டத்துக்குப் போய்க் கைகட்டி நின்றேன்.

“ஒரு வருசம் பத்தாதுங்க. ரெண்டாக் குடுக்கணும்.”

“ஏன்யா, கோட்டையா கட்டப்போற?” என்றார் பிரசிடெண்ட்.

“வூட்ல மாசமா இருக்காங்க. இப்ப மண்ணு வெட்டக் கூடாதுங்க.”

பின்னாலிருந்து எதிர்வீட்டு வண்டிக்காரர் குரல் கொடுத்தார். “ரெண்டு வருசம் குடுத்தா அதுக்குள்ள அடுத்தது வந்துடும் சார்!”

கூட்டமே சிரித்தது. “உன் வூட்டவிடக் கொறச்சல்தான் மாமா!” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. “ரெண்டு வருசம்னா தெருவுக்கே ரெண்டு வருசம். எல்லாத்துக்கும் அதே தவணைதான். சரியா?”

“சரிங்க சார்,” என்று தலையாட்டினேன். என்ன பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உங்கள் அம்மா கேட்டுவிட்டு மேலே பார்த்தாள். “அப்ப இந்தக் கூரை?”

ஓலை மாற்றக் கூடாது என்கிற தடையும் சேர்ந்தே இரண்டு வருஷமாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் ஓவர்சியரிடம் ஓடினேன்.

“கேட்டது நீங்கதானே?” என்றார். “உங்களுக்கு ஓலை மாத்த விட்டா தெருவே மாத்தும். புதுக் கூரை போட்டவன் எவன் எடத்தக் காலி பண்ணுவான்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தவணை குறிக்கிறவர்களுக்கு அது முடிகிற நாள்தான் கண்ணில் படுகிறது. நடுவில் எத்தனை மழை என்று அவரும் எண்ணவில்லை, கேட்டு வாங்கிய நானும் எண்ணவில்லை. தவணை நீண்டதும் தெருவில் ஒருவரும் அந்தச் சித்திரையில் மண் குழைக்கவில்லை. எல்லோருமே ‘அடுத்த வருசம் பாத்துக்கலாம்’ என்று இருந்துவிட்டார்கள்.

ஆடியில் பிள்ளை பிறந்தது. உங்களில் மூத்தவன்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓலை மக்கிக் கருப்பாக உதிர்ந்தது. வண்டிக்காரர் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “ரெண்டு வருசம் வாங்கிக் குடுத்த புண்ணியவானே, வெளிய வாய்யா!” என்று கத்தினார். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

கூரைக்கு மேலேதான் கை வைக்கக் கூடாது. உள்ளே கட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள்? மண்டியிலிருந்து பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, தைத்து, தொட்டிலுக்கு மேலே இழுத்துக் கட்டினோம். சாக்கு நனைந்து கனத்துத் தொங்கியது. உங்கள் அம்மா அதைக் கோலால் தள்ளித் தண்ணீரை ஒரு பக்கமாக வடியவிட்டாள். வடிந்ததும் மறுபடி தொங்கியது.

கதவைத் திறந்தால் மேட்டில் நம் மனை தெரியும். தண்ணீர் தங்காத நல்ல இடம். நாலு கல்லும் மழையில் கழுவிவிட்டது போல நின்றன. சித்திரைக்கு முன்னால் அங்கே மண்வெட்டி வைக்க வழியில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கோலை நான் வாங்கிக்கொண்டேன்.