கட்டிலுக்குக் கீழிருந்த தாங்கி

"ஐயா, இவர் மோசம் போட்டார்" என்று பூமணி அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் காலைப் பூசைக்குப் பூக் கொய்துகொண்டிருந்தேன். எங்கள் நாட்டில் அச்சொல் இறப்பைக் குறிக்கும். வஞ்சனை என்னும் அதன் மற்றப் பொருள் எனக்கு எட்டாம் நாளிலேதான் விளங்கியது.

அவருடைய கணவர் அமரர் குணரத்தினம் அவர்கள் சுன்னாகத்தில் நெடுங்காலம் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்தவர். என்னிலும் எட்டு வயது இளையவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வெளிவரும் இந்நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு குடும்பத்தார் கேட்டனர். புகழ்ச்சி மட்டும் வேண்டுவோர் அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம்.

எங்களை இணைத்தது ஒரு வான். உள்ளே இரண்டு கட்டிலும் ஓர் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் பொருத்திய, வீடு போன்ற வான். வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகையில் எங்கள் கோயில் அடியார்களுக்கு விட்டுச் சென்றது. கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியவர்களுக்குப் பின்னே அது மெல்ல ஊர்ந்து வரும். நடக்கமாட்டாதவர்கள் அதிலே படுப்பார்கள். அமுதும் அதிலேயே வேகும்.

முதன்முறை அது நடுவழியில் நின்றபோது நான் பதிகம் பாடத் தொடங்கினேன். வண்டியோடு வந்த குணரத்தினம் அவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிப்பாட்டாதேங்கோ ஐயா, பாடுங்கோ. நான் காபரேற்றரைப் பாக்கிறன். இரண்டிலை ஒண்டு வேலை செய்யும்."

பெற்றோலும் காற்றும் அளவோடு சேரும் அந்தச் சிறு கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த கசட்டை வேட்டித் தலைப்பால் துடைத்தார். "உதுக்குப் பசியில்லை, செமியாக்குணம்" என்றார். அடியவர்கள் சிரித்தார்கள். அவருடைய வைத்தியம் எப்போதும் சிரிப்போடுதான் தொடங்கும்.

போர்க் காலத்தில் பெற்றோல் துளிக்கணக்கில் கிடைக்கும் மருந்தாயிற்று. அப்போது அவர் பின்கட்டிலுக்குக் கீழே இரண்டாவது தாங்கி ஒன்றைப் பொருத்தி மண்ணெண்ணெய் நிரப்பினார். மருந்துப் போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, குழாயைத் திருப்பினால் வண்டி மண்ணெண்ணெயில் ஓடும். ஊரே இடம்பெயர்ந்தபோது, காய்ச்சலில் கிடந்த என் மனைவியை அந்தப் புகை கக்கும் வானிலேற்றித் தென்மராட்சியில் சேர்த்தவர் அவரே. அன்று முதல் அவருடைய சொல்லை நான் சோதித்ததில்லை.

பாதை திறந்து பெற்றோல் வந்த பின்பு, "குணம், சனம் படுக்கிற இடத்திலை எண்ணெய் வேண்டாம். அந்தத் தாங்கியைக் கழட்டிப்போடும்" என்றேன்.

ஒரு கிழமை சென்றது. "கழட்டிப்போட்டன் ஐயா" என்றார். நான் குனிந்து பார்க்கவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், யாத்திரைக் காலத்தில், வான் நாள்தோறும் காலையில் உயிர்பெற மறுத்தது. எழும்பினாலும் இருமியது; வெண்புகை விட்டது. அவர் கிண்ணத்தை வடித்து, விரலை முகர்ந்தார்.

"மண்ணெண்ணெய் கலந்திருக்கு."

"ஆர் கலந்தது?"

"அதை என்னெண்டு சொல்லுறது ஐயா" என்று கையைத் துடைத்தார்.

எழுவாய் இல்லாத வாக்கியம் அது. இலக்கணம் கற்றவன் என்ற செருக்கில், அதற்குரிய எழுவாயை நானே இட்டு நிரப்பினேன். யாத்திரைக்குரிய பெற்றோலை ஆண்டுதோறும் உபயமாகத் தந்தவர், சந்தியில் பெற்றோல் செட் நடத்தும் அருமைநாயகம். ஊர் திரும்பியதும், கோயிலில் புராணம் படித்து, அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லி முடித்த கையோடு, அடியார்களின் எதிரிலே அவர் பெயரைச் சொன்னேன். "இறைவனுக்குத் தருவதிலும் கலப்படம் செய்யும் கையிலிருந்து இனி உபயம் ஏற்கமாட்டோம்" என்றேன்.

அருமைநாயகம் எழுந்து நின்றார். "என்ரை பிள்ளையளாணை நான் கலக்கேல்லை ஐயா."

குணரத்தினம் அவர்கள் தூணருகில் நின்றார். தலை நிமிரவில்லை. அதனை அவருடைய பண்பென்று எண்ணினேன்.

அதன்பின் வேறிடத்தில் பெற்றோல் நிரப்பினோம். வான் நோயின்றி ஓடியது. அதையே சான்றாகக் கொண்டேன். ஊர் அந்த மனிதருக்கு 'எண்ணெய்நாயகம்' என்று பட்டம் சூட்டியது. அவர் கோயிற்படி ஏறுவதை விட்டார். தேர் வரும்போது மட்டும் வீதியின் மறுகரையில் நின்று கும்பிடுவார்.

குணரத்தினம் அவர்களின் எட்டாம் நாட் கிரியைக்கு, அவர் வீட்டுக்கு, அடியார்களோடு அந்த வானிலேயே சென்றிருந்தேன். திரும்பும் வேளையில் வாசலில் அது இருமி நின்றது. துக்கத்துக்கு வந்திருந்த குருநகர் யோசேப்பு, அவருடைய தொழில் தோழர், கிண்ணத்தை முகர்ந்தார். எண்ணெய்க் குழாயைத் தடவிக்கொண்டே போய்ப் பின்கட்டிலின் பலகையைத் தூக்கினார்.

"ஐயா, உவர் குணம் எங்களை ஏமாத்திப் பேக்காட்டிப்போட்டார். வந்து பாருங்கோ."

கழற்றப்பட்டதென்ற தாங்கி அங்கே இருந்தது. வெறுந்தாங்கியன்று, விளிம்புவரை மண்ணெண்ணெய்.

"குழாய் ஒழுகி, நிக்கிற நேரத்திலை பெற்றோல் லைனுக்குள்ளை இறங்குது. முந்தியும் ஒருக்கா ஒழுகியிருக்கு, ஆரோ குழாய் மூட்டிலை றப்பர் வாசர் மாத்தியிருக்கினம்" என்றார் யோசேப்பு. அந்த வானில் குணத்தைத் தவிர வேறெவரும் கை வைத்ததில்லை.

பூமணி அம்மா அழவில்லை. "திரும்பவும் பெற்றோல் இல்லாத காலம் வந்தால் எண்டு மாசா மாசம் நிரப்பி வைப்பார் ஐயா. உண்மையைச் சொல்லுங்கோ எண்டு அண்டைக்கே மண்டாடினன். 'ஐயா கோயிலிலை சொல்லிப்போட்டார், இனி அவரின்ரை சொல்லை நான் என்னெண்டு பொய்யாக்கிறது' எண்டார்."

என் சொல்லைக் காப்பதாக எண்ணி அதனைப் பொய்யாகவே நிற்க விட்டிருக்கிறார். பஞ்சத்துக்கு அஞ்சி எண்ணெய் சேர்த்ததை நான் பொறுப்பேன். அந்நாட்களைக் கண்ட எவரும் பொறுப்பர். ஆனால் ஏழு ஆண்டுகள் புராண படனத்தில் முன்னே அமர்ந்து, வாய்மையைப் பற்றி நான் விரித்துரைத்தவற்றையெல்லாம் கைகூப்பிக் கேட்டாரே! மரியாதை என்ற பெயரில் என்னை ஒரு பழிச்சொல்லின்மேல் நிறுத்திவிட்டு, தாம் மௌனமாக ஒரு வாசரை மாற்றிக்கொண்டார். என் நாவின் அவசரத்துக்கு அவர் பொறுப்பல்லர். அதைத் திருத்தும் வாய்ப்பை மறைத்ததற்கு அவரே பொறுப்பு.

மறுநாள் பெற்றோல் செட்டுக்குச் சென்று கைகூப்பி நின்றேன். அருமைநாயகம் அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து முடித்து, மூடியைத் திருகிவிட்டுத்தான் திரும்பினார்.

"எனக்குத் தனிய வந்து சொல்ல வேண்டாம் ஐயா. பத்துப் பேருக்கு முன்னாலை கழட்டின மானத்தைப் பத்துப் பேருக்கு முன்னாலை கட்டிவிடுங்கோ."

இந்த மலரில் எழுதலாமா என்று பூமணி அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்கோ. அவர் சொல்லாமல் விட்டிட்டுப் போனதை ஆராவது சொல்லத்தானே வேணும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்: அருமைநாயகம் அவர்கள் எதிலும் எதையும் கலக்கவில்லை. அவர்மேல் பழி சுமத்தியவன் நான். இதனை வரும் வெள்ளிக்கிழமை, அன்று பேசிய அதே இடத்தில் நின்று வாசிப்பேன். அதுவரை புராணத்துக்குப் பயன் சொல்லேன்.

குணம், கீரிமலைக் கடலில் உமது சாம்பலைக் கரைக்கும்போது நானும் இடுப்பளவு நீரில் நிற்பேன். என் மனைவியைக் காத்த கைகளுக்காக அழுவேன். உமக்கு நற்கதி வேண்டுவேன். மன்னித்தேன் என்று மட்டும் சொல்ல என்னால் இயலவில்லை. அதைச் சொல்லும் உரிமை வீதியின் மறுகரையில் நிற்கும் மனிதருக்கே உண்டு. அவர் படியேறி உள்ளே வரும் நாளில் உமது பெயருக்கு ஒரு நெய்விளக்கு ஏற்றுகிறேன். இப்போது போய் வாரும்.