சின்ன வீட்டுக்கு ஒரு போனஸ்

ஓசூரில் போனஸ் என்பது ஒரு பருவம். ஐப்பசி பிறந்துவிட்டால் டீக்கடையில், டவுன் பஸ்ஸில், சலூனில் எல்லாம் அதே பேச்சுதான். எந்தக் கம்பெனியில் பேசி முடித்தார்கள், எந்தக் கம்பெனி முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஊரே கணக்குப் போடும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அப்படியொரு ஐப்பசியில்தான் எங்கள் வீட்டு ஓனர் கேட் பக்கம் நின்று, இன்ஜினீயரிடம் செல்போனில் கத்தினார்: “அப்போ சின்ன வீடு கட்டினா போனஸ் உண்டுன்றீங்க!”

அந்த வாக்கியத்தின் முதல் பாதி அவர் மனைவியின் காதில் விழுந்தது. பின்பாதி எங்கள் காதில் விழுந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாங்கள் என்றால் அவருடைய லைன் வீட்டில் குடியிருந்த தொழிற்சாலைக்காரர்கள். வரிசையாக ஒற்றை அறைகள், பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நான் விருதுநகர் பக்கத்து ஆள். வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. என் அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர். மனைவியும் மகளும் ஊரில். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் குடிவந்து வாடகையை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். என் சம்பளம் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தது. மனைவி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: “பாப்பாவ ஒண்ணாம் வகுப்புல சேக்குறதுக்குள்ள வீடு பாருங்க. இங்க சேத்துட்டேன்னா அப்புறம் நீங்கதான் விருந்தாளியா வந்து போகணும்.” அவள் சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயமாக இருந்தது.

ஓனருக்குப் பேரிகைப் பக்கம் தக்காளித் தோட்டம் உண்டு. வீட்டில் தெலுங்கு, மேஸ்திரியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். திட்டுவதற்கு மட்டும் மூன்றையும் சேர்த்துக்கொள்வார். லைன் வீட்டை இடித்துவிட்டு மாடி கட்ட நினைத்தார். கட்டடத்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகைச் சின்ன வீடுகளாகக் கட்டினால், விதிப்படி உள்ள மாடிக்கு மேல் இன்னொரு மாடிக்கு அனுமதி கிடைக்கும் என்று இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அதற்கு அவர் சொன்ன நீளமான இங்கிலீஷ் பேரில் ‘போனஸ்’ மட்டும்தான் ஓனர் மனதில் தங்கியது.

அன்று சாயங்காலம் ஓனரம்மா என்னைத் தொட்டிப் பக்கம் மடக்கினார். கண் சிவந்திருந்தது.

“ஏம்ப்பா, நெஜத்தச் சொல்லு. இவரு சின்ன வீடு கட்றாராமே, எங்க?”

நான் வெள்ளந்தியாக, “இங்கதாம்மா. மேல் மாடியில” என்றேன்.

“என் தலை மேலயேவா!”

“நாலு வீடும்மா.”

“நாலா!” அவர் தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். “இந்த வயசுல நாலு கேக்குதா இந்த மனுசனுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழானாலும் தெலுங்கானாலும் சின்ன வீட்டுக்கு அர்த்தம் ஒன்றுதானே. சிரிப்பை அடக்கிக்கொண்டு, செங்கல் சிமெண்ட் சின்ன வீட்டை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் நம்பியும் நம்பாமலும் உள்ளே போனார். அன்று ஓனருக்குச் சோறு கிடைத்ததா என்று தெரியவில்லை.

எங்கள் பாதி இன்னும் மோசம். சேலத்துக்கார எலக்ட்ரீசியன் ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார். யூனியன் கமிட்டி ஆள். போனஸ் என்று காதில் விழுந்தால் அவருக்குக் கை தானாக உயரும். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, “போனஸ்னா ஒழைச்சவனுக்குப் பங்கு உண்டில்ல? நம்ம சம்பளம் சின்னதா இருக்கறதாலதான அவருக்கு ஒரு மாடி சேத்திக் கெடைக்குது? அப்போ நாம ஏழையா இருக்கறதும் ஒரு ஒழைப்புத்தான்” என்றார். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வீட்டு வாசலில் யூனியன் பாணியில் கேட் மீட்டிங். கோரிக்கை ஒன்றே ஒன்று: அறையைக் காலி செய்துவிட்டுப் போகிற குடும்பக்காரர்களுக்கே அந்தச் சின்ன வீடுகள்.

ஓனர் வெளியே வந்தார். “இது என்ன பேக்டரியா, போனஸ் கேக்கறதுக்கு?” என்று மூன்று மொழியிலும் கேட்டார். கோபத்தில் வாய் நழுவியது. “அந்தச் சின்ன வீடெல்லாம் பிளான்ல காட்டறதுக்குப்பா! நடுவுல நாலரை இஞ்சு செவுரு. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போனதும் தட்டிட்டுப் பெருசாக்கி, பெங்களூர்க்காரனுக்கு விட்டுருவேன்.”

தட்டப்போகிற அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் மனதுக்குள் மகளின் புத்தகப் பையை மாட்டி வைத்திருந்தேன். கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓனரம்மா படியிறங்கி வந்துவிட்டார்.

“நல்லாருக்குதுய்யா நாயம். ஊருக்கு ஒண்ணு காட்டிட்டு உள்ள ஒண்ணு வெச்சிக்கிட்டா அதுக்குப் பேருதான் சின்ன வீடு. அத என் வாசல்ல கட்ட விடமாட்டேன்.” எங்கள் பக்கம் திரும்பினார். “அந்தச் செவுரு நிக்கும். நீங்க குடும்பத்தக் கூட்டிட்டு வாங்க.”

ஓனர் மூன்று மொழியிலும் முனகிக்கொண்டே உள்ளே போனார். எலக்ட்ரீசியன் பழக்க தோஷத்தில் ‘வெற்றி, வெற்றி’ என்று கோஷம் போட ஆரம்பித்தார். நாங்கள் அவர் கையைப் பிடித்து இறக்கினோம்.

அதன் பிறகு இடித்தார்கள், கட்டினார்கள். அதுவரை நாங்கள் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ஓர் அறையில் நெருக்கிக்கொண்டு கிடந்தோம். ஊரில் நான் எதையும் சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை வீடு அமைந்துவிட்டது என்று சொல்லி, கைநழுவி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். சாவி கைக்கு வந்த அன்றுதான் போன் செய்தேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டேன்.

“ஏய், இங்க எனக்கு ஒரு சின்ன வீடு அமைஞ்சிருச்சு!”

சொன்னது என்னவென்று எனக்குப் புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“சரி. பெரிய வீடு எப்பக் கிளம்பி வரணும்?”

“இன்னைக்கே” என்றேன்.