முன்னாடி இருந்த ஏழு செகண்டு

கம்பெனியில எனக்கு 'கறுப்பு ஸ்க்ரீன்'னு பேரு. ஒரகடத்துல காருக்கு ஒயரிங் கட்டுற ஃபேக்டரி, அதுல ஐ.டி. ரூம்ல நான் காண்ட்ராக்ட் ஆளு. மத்தவங்க மவுஸைப் பிடிச்சுக்கினு படம் படமா கிளிக் பண்ணுவாங்க. நான் கறுப்பா ஒரு ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு வரி டைப் அடிப்பேன். ட்ரெய்னிங் வீடியோவைச் சின்னதாக்குறது, கேன்டீன் டிவிக்கு ஏத்த மாதிரி மாத்துறது, சத்தத்தைத் தனியாப் பிரிக்கிறது, எல்லாத்துக்கும் ஒரு வரிதான். எண்டர் அடிச்சதும் எழுத்து சரசரன்னு ஓடும், பின்னாடி நாலு பேர் நின்னு வாயைப் பொளந்து பார்ப்பாங்க. எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு, அதை இப்போ மறைச்சு இன்னா ஆவப்போவுது.

அந்தப் பொண்ணு நாலாவது லைன்ல ஒயர் கட்டுறவ. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரு, பிள்ளைப்பாக்கத்துல ஹாஸ்டல்ல இருந்தா. ஒரு நாள் லஞ்ச் டயத்துல ஒரு சிடியை எடுத்துக்கினு வந்து நின்னா. அவங்க ஊர் மாதா கோயில் திருவிழா வீடியோ. செத்துப்போன அவ அம்மா அதுல பாடுறாங்க, அந்தப் பாட்டை மட்டும் போன்ல போட்டுத் தரணும்னு கேட்டா. படத்தை விட்டுட்டு சத்தத்தை மட்டும் எடுன்னு அந்த ஒரு வரியில சொன்னாப் போதும், ரெண்டு நிமிஷ வேலை. நான் ரெண்டு நாள் இழுத்தேன். ரெண்டு நாளும் அவ வந்து கேப்பா இல்ல, அதுக்குத்தான்.

பாட்டை ஏத்திக் குடுத்ததும் காதுல வச்சுக் கேட்டா. கண்ணு கலங்கிப்போச்சு. "ரொம்ப நன்றிண்ணே. நீங்க நல்லா இருப்பீய"ன்னா.

அண்ணே! ரூம்ல இருந்த ரெண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரிச்சானுங்க. "இன்னா மச்சி, ராக்கி கட்டிட்டுப் போவுது தங்கச்சி!" நான் குன்றத்தூர்க்காரன். எங்க பக்கம் வயசுப் பொண்ணு வலிய வந்து அண்ணான்னா, தள்ளி நில்லுன்னு அர்த்தம். அவங்க ஊர்ல பஸ் கண்டக்டர்ல இருந்து மீன் ஏலம் விடுறவர் வரைக்கும் எல்லாருமே அண்ணன்தான்னு எனக்கு யாரு சொன்னது? செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்து அவ எதிர்ல வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, அவ லைன் சூப்பர்வைசரைக் கன்னத்துல அறைஞ்சுட்டா. மேலதிகாரியைக் கை நீட்டி அடிச்சான்னு சஸ்பெண்ட் பண்ணி, விசாரணை வச்சாங்க. கேமராக் காட்சியை செக்யூரிட்டி ஒரு சிடியில போட்டுக் குடுத்தாங்க. அறை விழுற இடத்துலேருந்து அரை நிமிஷம் மட்டும் வெட்டிக் குடுன்னு எச்.ஆர். மேனேஜர் எங்கிட்ட வந்தாரு. நான் நேரத்தைப் போட்டு எண்டர் அடிச்சேன்.

வீடியோ கரும்பு மாதிரி. அவசரத்துக்கு ஒடிச்சா கணுவுலதான் ஒடியும். முழுசான படம் சில செகண்டுக்கு ஒரு தடவைதான் அதுல இருக்கும், நடுவுல இருக்கிறதெல்லாம் முந்தின படத்துலேருந்து இன்னா மாறிச்சுங்கிற குறிப்பு. நீ சொன்ன இடம் நடுவுல விழுந்தா, அது பின்னாடி போய் முழுப் படம் இருக்கிற இடத்துலேருந்து ஆரம்பிச்சுடும். அன்னிக்கு அப்படித்தான் ஏழு செகண்டு முன்னாடியே ஆரம்பிச்சுது.

அந்த ஏழு செகண்டுல அவ குனிஞ்சு ஒயர் கட்டிக்கினு இருக்கா. சூப்பர்வைசர் பின்னாடி வந்து, ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, அவ இடுப்புல கை வைக்கிறான். அவ தட்டி விடுறா. மறுபடியும் வைக்கிறான். அதுக்கப்புறந்தான் அறை.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னாடியே நின்னுக்கினு இருந்தாரு. "இன்னாபா இது, முன்னாடியெல்லாம் வருது? எனக்கு அடி மட்டும்தான் வேணும். கரெக்டா குடு. பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரைப் போட்டு வச்சிருக்கேன், தெரியும்ல?"

படத்தை மொத்தமா புதுசாப் பின்னச் சொன்னா, நினைச்ச இடத்துல வெட்டலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்ளோதான். செஞ்சேன். பர்மனென்ட்டுக்காக மட்டும் செஞ்சேன்னு சொன்னா அது பொய். 'அண்ணேன்னியேடி, இப்போ அண்ணன் வேலையைப் பாரு'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேதான் செஞ்சேன். புதுசா வெட்டினதுல கை ஓங்குற இடத்துலேருந்து ஆரம்பிச்சுது. பேய் பிடிச்சவ மாதிரி தெரிஞ்சா. விசாரணையில அதைத்தான் போட்டாங்க.

அடுத்த நாள் விசாரணைப் பேப்பர்ல கையெழுத்துப் போட வந்தவ, ஐ.டி. ரூம் வாசல்ல வந்து நின்னா.

"அண்ணே, அதுக்கு முன்னால உள்ளதும் இருக்கும்லா? அவன் கை வச்சது தெரியும்லா? நாளைக்குக் கடைசி விசாரணை. வேல போச்சுன்னா அப்பா என்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மாமாவுக்குக் கெட்டி வச்சிருவாவ. மொதப் பொண்டாட்டிய அடிச்சே தொரத்துன ஆளுண்ணே அவரு. உங்கள நம்பித்தாம்ணே இருக்கேன்."

"பார்க்கிறேம்மா"ன்னேன்.

கேமராப் பொட்டியில பதினஞ்சு நாளுக்கு மேல எதுவும் தங்காது, தானா அழிஞ்சுடும். அடி விழுந்து இருபது நாளாச்சு, அது அழிஞ்சாச்சு. சிடியை மேனேஜர் வாங்கிக்கினு போயிட்டாரு. முதல்ல தப்பா வெட்டினது ஒண்ணுதான் மிச்சம், அதுவும் என் மெஷின்ல. அவ பொழைப்பு மொத்தமும் அந்த ஏழு செகண்டுலதான் இருந்துச்சு, அது எனக்கு நல்லாவே தெரியும்.

டெலீட் பண்ணியிருக்கலாம். ஆனா ஃபைல் காணோம்னா கேள்வி வரும், அதே பேர்ல வேற ஃபைல் இருந்தா வராது. அதனால சரியா வெட்டின படத்தையே பழைய பேர்ல எழுதச் சொல்லி எண்டர் அடிச்சேன். எப்பவும் கேக்காம எழுதுன்னு சேர்த்து டைப் அடிச்சுடுவேன், அன்னிக்கு மறந்துட்டேன். கறுப்பு ஸ்க்ரீன் கேட்டுச்சு, இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதை அழிச்சுட்டு மேலேயே எழுதட்டுமா? y/N. நான் y அடிச்சேன்.

மறுநாள் காலையில அவகிட்ட, "முன்னாடி எதுவும் இல்லம்மா. மொத்தமே அவ்ளோதான்"ன்னேன்.

"பரவாயில்லண்ணே. இந்தக் கம்பெனில எனக்காவத் தேடிப் பாத்தது நீங்க ஒரு ஆளுதான்"னு சொல்லிட்டுப் போனா. அன்னிக்கு மத்தியானமே அவளை டிஸ்மிஸ் பண்ணாங்க. அந்த வாரக் கடைசியில அவ அப்பா வந்து கூட்டிக்கினு போயிட்டாருன்னு ஹாஸ்டல் பொண்ணுங்க சொன்னாங்க. அடுத்த லிஸ்ட்ல எனக்குப் பர்மனென்ட் ஆச்சு, ஐ.டி. ரூம் முழுக்க லட்டு குடுத்தேன்.

அந்தக் கேள்வியில y சின்ன எழுத்து, N பெரிய எழுத்து. அப்படிப் போட்டிருந்தா இன்னா அர்த்தம்னு இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எதையும் சொல்லாம சும்மா எண்டரைத் தட்டினா, வேணாம்னு எடுத்துக்கினு அது விட்டுடும். நான்தான் தேடிப் போய் y அடிச்சேன்.