அக்காவை ஊருக்கு அனுப்பாத பங்குனி

முதுகின் நடுவில், வலது கையை மேலிருந்து வளைத்தாலும் எட்டாத, இடது கையைக் கீழிருந்து நீட்டினாலும் எட்டாத ஓரிடத்தில் தொடங்கியது அந்த அரிப்பு. எறும்பு ஊர்வதுபோல என்று சொல்ல மாட்டேன். எறும்பாவது நகர்ந்து போய்விடும், இது நின்ற இடத்திலேயே நின்று சுட்டது. பங்குனி வெயிலில் வேர்க்குரு என்று நினைத்துக் கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டிருந்த என்னை அம்மா இழுத்துத் திருப்பினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, ஏதோ உடையக்கூடிய பொருளை மூடுவதுபோல மெதுவாக இறக்கிவிட்டாள். "அம்மை போட்டிருக்கு" என்று அவள் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கவிதாவுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. நான் ஏழாவது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாய், ஒரே சீப்பு, ஒரே துண்டு. விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா அங்கே "பீஸ் கட்டை", அதாவது மின்சார ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கட்டை, செய்யும் ஒரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர், அம்மா வெந்து வந்த வெள்ளைப் பொம்மைகளுக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டுகிறவள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் குறைவு. சேதி சொல்ல வேண்டுமென்றால் முனைக்கடையில் தொங்கும் காயின் போனுக்குத்தான் ஓட வேண்டும்.

எனக்குப் போடுவதற்கு முந்தைய வாரம்தான் பள்ளியில் அம்மாக்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். பிரேயர் நடக்கும் மைதானத்தில், வெயில் இறங்காத நேரத்தில், பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டு உட்கார வைத்தார்கள். நாங்கள் வகுப்பு ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து இடம் காலியாகியிருந்த நேரம் அது. எங்கள் பெஞ்சிலேயே ஒருத்தி கழுத்து வரை பவுடர் அப்பிக்கொண்டு வந்து, வியர்வையில் பவுடர் கரைந்ததும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஹெச்.எம். டீச்சர் மைக் இல்லாமலேயே பேசினார். "யாரையும் குத்தம் சொல்றதுக்குக் கூப்பிடலைங்க. பரீட்ச போயிடும்னு பயந்துகிட்டு மறைச்சி அனுப்பறீங்க. அனுப்பாதீங்க. சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பரீட்ச எழுதலன்னாலும் பாத்துக்கறோம். பத்தாவது பிள்ளைக்குப் போட்டா எங்ககிட்ட சொல்லுங்க, தனி ரூமு கேட்டு வாங்கித் தர்றோம். சொல்லாம மட்டும் இருக்காதீங்க."

அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸம்மா, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், கொஞ்சம் கடுகடுப்பான முகம். நகத்தை வெட்டுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கூடம் வேண்டாம், மூச்சு வாங்கினாலோ பிள்ளை சுருண்டு கிடந்தாலோ சாமி குத்தம் என்று உட்கார்ந்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, கூட்டம் எழுந்திருக்கப் போகும்போது, குரலை உயர்த்திச் சொன்னார்:

"இன்னொண்ணு. கூடப் படுத்த பிள்ளைக்கு உடம்புல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம் கழிச்சிதான் போடும். ஆனா போடறதுக்கு முன்னாலயே அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கும். அதனால நல்லாருக்கற பிள்ளைய எடுத்துட்டுப்போயி வேற வூட்டுல விடாதீங்க. அங்க முழுகாம இருக்கறவங்க, பச்சப்புள்ளக்காரங்க இருந்தாங்கன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

அம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பொம்மைக்குக் கண் வைத்துக்கொண்டே அதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குள் அதற்கு வேலை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாது.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியாயிற்று. வீட்டில் தாளிப்பு நின்றது. அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது; அப்பாவுக்கு அம்மை போட்டதா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. அதனால் அவரைக் கம்பெனி ஷெட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள். என்னைப் பொம்மைகள் வைத்திருந்த முன் அறைக்கு மாற்றினாள். மூன்று பக்கமும் பலகை, பலகை முழுக்கக் கண் எழுதாத வெள்ளைப் பொம்மைகள். உட்கார்ந்தால் அரித்தது, படுத்தால் எரிந்தது, நின்றால் தலை சுற்றியது. அம்மா நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். வேப்பங்குழையால் தடவிக்கொள்ள மட்டும் அனுமதி. தடவத் தடவ ஆசை கூடியதே தவிர அரிப்பு குறையவில்லை. பொம்மைகளை வரிசை மாற்றி வைத்தேன், பெயர் வைத்தேன், திட்டினேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே அறிவியல் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் நடை வேகமாக இருந்தால் பாடம் வரவில்லை என்று அர்த்தம். அந்த நாட்களில் அவள் ஓட்டமும் நடையுமாகத்தான் இருந்தாள்.

"கவிதாவ அக்கா வூட்டுல விட்டுடலாம்" என்றார் அப்பா, வாசலுக்கு வெளியே நின்றபடி. அக்கா என்று அவர் சொன்னது ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த அவருடைய தமக்கையை, எங்கள் அத்தையை. "அங்கேந்து பரீட்ச அன்னிக்கு பஸ்ஸுல வந்துட்டுப் போவட்டும். போன்ல சொல்லிட்டேன்."

"அங்க தேவி இருக்கறா" என்றாள் அம்மா.

தேவி அக்கா, அத்தையின் மருமகள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, அப்போதுதான் நிறைமாதமாக இருந்தாள். அப்பா சைக்கிளை மிதித்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தையே வந்து இறங்கிவிட்டாள்.

வேப்பிலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். அக்கா ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தாள். புத்தகத்தின் கனத்தில் பையின் காது அறுந்துவிடும்போல இருந்தது. நான் ஜன்னல் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கெளம்பு கண்ணு, பத்து மணி பஸ்ஸு போயிடும்" என்றாள் அத்தை.

அம்மா நிலைப்படியில் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணி, கோச்சிக்காதீங்க. கவிதா வரல."

"ஏன், என் வூட்டுச் சோறு ஆவாதா?"

"தேவி முழுகாம இருக்கா. இவளும் சின்னவளும் ஒரே பாயில படுத்தவளுங்க. ஸ்கூல்ல சொன்னாங்க, போடறதுக்கு முன்னாலயே ஒட்டிக்குமாம்."

"ஸ்கூல்ல ஆயிரம் சொல்லுவாங்க. பொண்ணு கண்ணாடி மாரி இருக்கறா, ஒரு பொட்டு இல்ல. ஆத்தா சின்னவகிட்ட விளையாடுது, இவள ஏன் புடிச்சி வச்சிக்கற?"

"ரெண்டு வாரம் போவட்டும் அண்ணி. ஒண்ணும் இல்லன்னா நானே கொண்டாந்து விடறேன்."

"ரெண்டு வாரத்துல பரீட்சயே பாதி முடிஞ்சிடும்மா!" என்று கத்தியது அக்கா. அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா இவ்ளோ தூரம் வந்திருக்குது, வாசல்ல நிக்க வச்சிப் பேசற" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் தோளைத் தொட அத்தை கையை நீட்டியபோது, அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் குடும்பத்தில் அத்தையின் கையை யாரும் பிடித்து நிறுத்தியதில்லை.

"சரி" என்றாள் அத்தை. "என் தம்பி வூடு இன்னியோட எனக்கு இல்ல." பக்கத்து வீட்டார் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். அக்கா பையை அவிழ்த்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். ஒவ்வொன்று விழும்போதும் பலகையில் பொம்மைகள் லேசாக அதிர்ந்தன.

அதற்குப் பிறகு அம்மா தினமும் காலையில் அக்காவை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து காதுக்குப் பின்னால், கழுத்தில், கையிடுக்கில் பார்ப்பாள். அக்கா மரம்போல நிற்பாள். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. எனக்குக் கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் ஆயிற்று. அக்கா தமிழ்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். தெருவில் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இல்லாத அம்மைக்குப் பயந்து நாத்தனாரைப் பகைத்துக்கொண்டவள் என்று. அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பொம்மைக்குக் கண் வைக்க உட்கார்ந்தவள், தூரிகையை நனைத்துக்கொண்டு எழுதாமல் வெகுநேரம் வெறுமனே இருந்தாள்.

ஆங்கிலப் பரீட்சைக்கு முந்தைய நாள் காலை, அக்காவின் கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், நீர் கோத்த ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "தேவி பொழச்சா" என்றாள்.

அக்கா அதைக் கேட்டாள். "எனக்குப் பரீட்ச போச்சேன்னு உனக்குத் தோணல. தேவி பொழச்சாளாம்!" என்று சொல்லிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் நியாயம் இருந்தது; அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு காயின் போனுக்குப் போனாள். ஹெச்.எம். டீச்சர் சொன்னபடியே செய்தார். ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கச் சொன்னார். யாரையெல்லாம் பிடித்தாரோ, மறுநாள் பள்ளியின் கோடியில் இருந்த கைவேலை அறையை அக்கா ஒருத்திக்காகத் திறந்து கொடுத்தார்கள். கண்காணிக்க வந்த டீச்சர் தனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தாராம். மற்ற பிள்ளைகள் உள்ளே போன பிறகு அக்கா போனாள், அவர்கள் வெளியே வருவதற்கு முன்பே திரும்பினாள். அப்பாவின் சைக்கிளில் உட்காரவைத்து அம்மா தள்ளிக்கொண்டே வந்தாள். விரல் இடுக்கிலும் கொப்புளம் போட்டிருந்தது. பேனா பிடித்த இடத்தில் அது உடைந்து விடைத்தாளில் பட்டுவிடுமோ என்று பயந்து, கையை மாற்றி மாற்றிப் பிடித்து எழுதியதாகச் சொன்னாள். கணக்குப் பரீட்சையன்று காய்ச்சல் கொதித்தது. கடைசி இரண்டு கணக்கை எழுதாமலேயே வந்துவிட்டாள். தேறினாள், ஆனால் ஆசைப்பட்ட குரூப் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த மார்க்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

சித்திரையில் தேவி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா மட்டும் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அக்காவின் கடைசிப் பொருக்கும் உதிர்ந்த பிறகும் அம்மா உடனே கிளம்பவில்லை. பிள்ளையைப் பார்க்கக்கூட வராதவள் என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டாள். பேர் வைக்கும் நாளில்தான் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை வாங்க என்று சொல்லவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள், எங்களைப் பார்க்காதவள்போல. அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். பந்தி பரிமாறத் தொடங்கியபோது, அத்தை தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துவந்து அம்மாவின் மடியில் கிடத்திவிட்டு, "எல போட்டாச்சான்னு பாரு" என்று வேறு யாரையோ அதட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மா குழந்தையின் கழுத்தில், காதுக்குப் பின்னால், கையிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழக்கம் விடவில்லை.

நான் இப்போது சென்னையில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். என் மகளுக்கு அம்மை ஊசி போட்டாயிற்று. மைதானத்தில் பெஞ்சு போட்டு அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசும் வழக்கம் அவள் பள்ளியில் இல்லை. போன வாரம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது, வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை, பெற்றோர் கவனமாக இருக்கவும் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகும் வீடும் இங்கே கிடையாது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அன்று மாலை என்னால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். எங்கள் தளத்தில் நாலு வீடு. எதிர்வீட்டுப் பெண் லிஃப்ட்டில் ஏறும்போது கொஞ்ச நாளாக இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அது வெறும் முதுகுவலியா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரும் தெரியவில்லை. அவளுடைய மூத்த பையன் என் மகளின் வகுப்பில்தான் படிக்கிறான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அந்தக் கதவைத் தட்டினேன்.