ஐந்து இடங்களுக்கு ஆறாவது ஆள்

மவுண்ட் ஆல்பர்ட்டில் என் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தை ஒரு சபை நடத்துகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெற்றோர் வாக்களித்து அந்தச் சபைக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இம்முறை வாக்குகளை எண்ணித் தரமுடியுமா என்று அதிபர் என்னைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். இரண்டு பென்சில்களும் நாற்பது ரப்பர் வளையங்களும் எடுத்துவைத்தேன்.

பெயர் கொடுப்பதற்கான கடைசி நாளுக்கு முந்தினநாள் விசாரித்தால், ஐந்து இடங்களுக்கு ஐந்து பேர்தான் நிற்கிறார்களாம். அப்படியானால் வாக்கெடுப்பே கிடையாதாம். எண்ணுவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து மருமகனைப் பிடித்தேன்.

"தம்பி, ஆறாவது ஆளாய் உங்கட பெயரைக் குடுங்கோ."

"மாமா, எண்ண ஆசையெண்டால் வாசலிலை கிடக்கிற செருப்பை எண்ணுங்கோ."

"எண்ணீட்டன். பதினொண்டு. ஒண்டைக் காணேல்லை. பயப்பிடாதேங்கோ தம்பி, நீங்கள் கட்டாயம் தோப்பியள்."

தோற்பது நிச்சயம் என்ற அந்த உறுதியை நம்பித்தான் அவர் கையெழுத்திட்டார். மறுநாள் மற்ற ஐவரில் ஒருவர் சிட்னியில் வேலை கிடைத்து விலகிக்கொண்டார். மறுபடியும் ஐந்து பேர். மருமகன் போட்டியின்றித் தெரிவாகிவிட்டார்.

வருடத்துக்கு எட்டுக் கூட்டம், மூன்று வருடத்துக்கு இருபத்துநான்கு. இப்போது அவர் என்னோடு கதைப்பது கூட்டம் உள்ள நாட்களில் மட்டும்தான். சப்பாத்தைப் போட்டபடி, "இன்னும் எத்தினை, மாமா?" என்பார்.

"இருபது" என்றேன், கடைசியாகக் கேட்டபோது.