அடிபிடித்த பிரதமன்

பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். நாலு பேர் முன்னால் நின்றால் வாய் திறக்காது. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விழுங்கியதை எங்கேயாவது துப்ப வேண்டியிருக்கிறது.

கல்யாணச் சமையல் என் தொழில். எங்கள் பக்கம் வைப்புக்காரன் என்பார்கள். குழித்துறையில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அடைப்பிரதமன் கிண்டுவதற்கு மட்டும் தனியாக இரண்டு ஆள் வேண்டும் என்றேன்.

“துடுப்ப இட்டுக் கிண்டதுக்கு ரெண்டு ஆளா? என்ன ஓய், கப்பலா ஓட்டப் போறீரு? எனக்க மச்சினன்மாரு சும்மாதான் நிக்கானுவ. அவனுவ கிண்டுவானுவ.”

“அடி பிடிச்சிரும் அண்ணாச்சி.”

“பாயசம்தானே ஓய். வீட்டுல பொம்பளைய வைக்கலியா?”

என் கூலியையும் குறைத்தார். டிரோன் கேமராக்காரனிடமும் பூவளைவு கட்டியவனிடமும் அவர் பேரம் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

இருந்தும் ஒத்துக்கொண்டேன். குலசேகரத்தில் ரப்பர் வியாபாரி ஒருவர் வீட்டில் ஆவணியில் கல்யாணம். இந்தப் பந்தியில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வெற்றிலை தருகிறேன் என்றிருந்தார். வெற்றிலை கை மாறினால் ஆள் உறுதி. ஆடியில் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த வெற்றிலையை நம்பித்தான் வீடு இருந்தது.

கல்யாணத்தன்று மச்சினன்மார் இருவரும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உருளி முன் நின்றார்கள். சர்க்கரைப்பாகில் அரிசி அடை வற்றும்போது கை நிற்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அவியலுக்குத் தேங்காய் சேர்க்கப் போனேன். கூலி குறைந்ததில் என்னோடு வந்த ஒரே ஆள் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தான்.

வாசலில் மாப்பிள்ளை வந்திறங்கினார். டிரோன் மேலே பறந்தது. துடுப்பை உருளியிலேயே விட்டுவிட்டு இருவரும் படத்தில் விழ ஓடினார்கள்.

வாசனையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் ஒரு வழி இருந்தது. அடியைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் காப்பாற்றிவிடலாம். நான் ஓடிவருவதற்குள், வாசலிலிருந்து திரும்பிய இளைய மச்சினன் முந்திக்கொண்டு, பிடித்த அடியை முழுப் பலத்தோடு சுரண்டி, கருகலை எல்லாவற்றோடும் கலந்துவிட்டார்.

“ஒண்ணும் ஆகல்ல அண்ணாச்சி. நான் எளக்கி விட்டாச்சு” என்று சிரிக்க வேறு செய்தார்.

பெண்ணின் அப்பாவிடம் போனேன். “இத விளம்பாண்டாம். பாலும் சேமியாவும் வாங்கித் தாருங்கோ. பந்தி முடியதுக்குள்ள வேற பாயசம் வச்சிருவேன்.”

“அதுக்குப் பைசா ஆரு தருவா? நீரு தருவீரா? ரெண்டு பிடி ஏலக்காயப் பொடிச்சு இட்டு விளம்பும் ஓய். எவனுக்குத் தெரியப் போவுது?”

நான் கரண்டியைத் தொடவில்லை. அவர் ஆட்களே வாளியில் கோரிக்கொண்டு போய் விளம்பினார்கள்.

ரப்பர் வியாபாரி முதல் பந்தியில் இருந்தார். பப்படத்தை நொறுக்கினார், மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்தார், பிரதமனோடு சேர்த்து ஒரு வாய் வைத்தார். கையை இலையில் துடைத்துவிட்டு இலையை மூடினார். வரிசையில் இன்னும் பல இலைகள் மூடின.

“ஆரு ஓய் வைப்பு?” என்று ஒருவர் உரக்கக் கேட்டார்.

பெண்ணின் அப்பா என் பக்கம் கையை நீட்டினார். “நல்ல ஆளுன்னு நம்பி விளிச்சேன். கையில சரக்கு இல்ல. மானத்த வாங்கிட்டான்.”

மச்சினன்மார் இருவரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போய் உருளியைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கருகல் லேசில் போகவில்லை. ஒவ்வொரு தேய்ப்புக்கும் பெண்ணின் அப்பாவை வாய்க்குள்ளேயே திட்டினேன். இப்போதும் திட்டுகிறேன். அவர் வீட்டில் இனி ஒரு நல்ல சாப்பாடு அமையவே கூடாது.

மறுநாள் காலையில் குலசேகரத்தில் இருந்து போன் வந்தது. வேறு ஆளுக்கு வெற்றிலை கொடுத்துவிட்டார்களாம்.