விபத்தில்லா இல்லத்தில் விழுந்தவன்

முதலில் அவிழ்ந்தது லுங்கி. காலையில் இறுக்கிக் கட்டியது, காபி குடிப்பதற்குள் இரண்டு முறை தரைக்குப் போய்விட்டது. மறுபடி கட்டும்போதுதான் கவனித்தேன்: வலது கை மட்டும் வேலை செய்கிறது, இடது கை அரசு விடுமுறையில் இருப்பதுபோல் தொங்குகிறது. மனைவி மல்லிகாவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது பெயர் மாதிரியே இல்லை. அவள் ஆட்டோவுக்கு ஓடினாள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை. மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். சிரித்தால் ரத்த அழுத்தம் குறையும் என்றுகூட ஒரு முறை எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது நரம்பியல் மருத்துவர் ஒன்று சொன்னார். "முதல் சில மாசம்தான் சார் முக்கியம். கால் மறந்தத நடந்து நடந்துதான் கத்துக்கும். நீங்க படுத்துட்டா அதுவும் படுத்துக்கும்."

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பள்ளி ஆசிரியையான மல்லிகாவுக்கு லீவும் தீர்ந்துவிட்டது. அதனால் சோழவரம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். இயன்முறை சிகிச்சை (பயிற்சி கொடுத்துத் தசைகளைப் பழக்குவது) உண்டு என்றார்கள். உண்டுதான், செவ்வாய்க்கிழமை தோறும். அங்கே இருந்தவர்களில் நான்தான் இளையவன். பல வருடங்களுக்குப் பிறகு எல்லோரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். நோயில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

நிர்வாகி முன்பு ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஆலை வாசல்களில் 'விபத்தில்லா நாட்கள்' என்று எண் போட்ட பலகை இருக்குமே, அதே மாதிரி ஒன்றை இல்லத்தின் வரவேற்பறையில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் அதில் ஒன்றைக் கூட்டுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மல்லிகா இந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தாள். நானும் தலையாட்டினேன். தலை இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்த காலம் அது.

எண் எப்படிக் கூடுகிறது என்பது முதல் மாலையே தெரிந்தது. கட்டிலை விட்டு இறங்கினால்தானே விழ முடியும்? ஆறு மணிக்குக் கட்டிலின் இரு பக்கமும் கம்பித் தடுப்பு ஏறிவிடும். நடக்கிறவர், நடக்காதவர் எல்லோருக்கும் டயப்பர். நாலு மணிக்கு மேல் டீ கிடையாது, தண்ணீரும் கேட்டுக் கேட்டுத்தான். மாடி முழுவதற்கும் ஓர் ஆயா. நான் நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேஜாரு பண்ணாத சார். நீ உழுந்தா என் வேல பூடும்," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டு பாய். எண்பதைத் தொட்டவர், ஜவுளி வியாபாரி. இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்திக் கிடப்பதால் தோல் சிதைந்து வரும் புண்). ஒருநாள் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இங்க வரச்சொல்ல நடந்துதான் வந்தேன் தம்பி. என் பொட்டியக்கூட நான்தான் தூக்கியாந்தேன். இப்ப இன்னாடான்னா, காலு கீது, கேக்க மாட்டேங்குது."

அதன்பிறகு எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் கால் கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களை அந்தப் பலகை தின்றுகொண்டிருந்தது.

மல்லிகாவிடம் சொன்னேன். விழுந்து இடுப்பு உடைந்தால் நல்ல காலும் போய்விடும் என்று பயந்தாள். நிர்வாகியிடம் போனேன். ஆலையை மூடிவிட்டு விபத்தே இல்லை என்று மார்தட்டுவார்களா என்று கேட்டேன். தொழிற்பேட்டைக்காரருக்குச் சட்டென்று உறைக்கும் என்று நம்பிய உதாரணம். உறைத்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் மாலையில் டயப்பர் வழக்கம்போல வந்தது.

அடுத்த ஞாயிறு மாலை, என்னைப் பார்க்க வந்திருந்த மல்லிகா கிளம்பும் நேரம். ஆயா டயப்பரோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். போனது ராஜநடை. திரும்பும்போது இடது கால் எங்கேயோ பின்தங்கிவிட்டது. நான் மட்டும் வந்து சேர்ந்தேன், தரைக்கு.

முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நிர்வாகி ஓடி வந்தார். என் கையைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இது உழுந்த கணக்குல வராது சார். சும்மா ஸ்லிப் ஆகி உக்காந்துட்டீங்க, அவ்ளோதான்."

"விழுந்தேன் சார். பலகையில சைபர் போடுங்க. போடற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

எழ மாட்டேன் என்பது போராட்டம், எழ முடியாது என்பது உண்மை. இரண்டும் ஒரே தரையில் கிடந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க மேடம்," என்று நிர்வாகி மல்லிகாவைப் பார்த்தார்.

அவள் முகம் வெளிறியிருந்தது. நான் விழுந்துவிடுவேன் என்றுதான் அவள் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். "அவர் விழுந்தத நான் பாத்தேன் சார். மொதல்ல சைபர் போடுங்க. அப்புறம் தூக்க ஆள் அனுப்புங்க."

போட்டார்.

மறுநாள் காலைக்குள் செய்தி எல்லாக் கட்டிலுக்கும் போயிருந்தது. பாய் என்னைக் கூப்பிட்டார். "அதான் சைபர் ஆயிடிச்சே தம்பி. இனிமே நான் உழுந்தா இன்னா கெட்டுப்பூடுது? அந்தக் கம்பிய எறக்கச் சொல்லு."

ஆயா, காலைச் சுற்றுக்கு வந்திருந்த நிர்வாகியைப் பார்த்தார். காப்பாற்ற எண் எதுவும் இல்லாமல் நின்ற அந்த மனிதர், கம்பியைத் தானே இறக்கினார். இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு பாய் எழுந்து நின்றார். கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"நான் இவ்ளோ உசரம்னு மறந்தே பூட்டேன்," என்றார்.

அவர் நிற்பதோடு சரி. நடை திரும்பவில்லை, அதற்கான நாள் முன்பே கடந்துவிட்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை. மல்லிகா மற்ற குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்ட பிறகு, கழிப்பறை வரை சுவரில் கைப்பிடி வந்தது. மாலைக்கு இன்னோர் ஆயா வந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்களும் இப்படி ஓர் இல்லத்தைத் தேடிக்கொண்டிருந்தால், இங்கே யாராவது விழுந்தார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இருட்டிய பிறகு கழிப்பறைக்கு யாரெல்லாம் நடக்கிறார்கள், கூடப் போக எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்பவரை விட்டுவிட்டுக் கட்டில்களைப் பாருங்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன், படி ஏறுகிறேன். இடது காலுக்குத் தகவல் போய்ச் சேரச் சற்று நேரமாகிறது. நான் சொல்வதற்கும் அது செய்வதற்கும் நடுவே முன்பு இல்லாத ஓர் இடைவெளி. வாழ்நாளெல்லாம் பஸ்ஸைத் துரத்திய நான், அந்த இடைவெளியில் நின்று காத்திருக்கிறேன். அது யாரும் எனக்காக முடித்துவைக்க வேண்டிய நேரம் இல்லை, என்னுடையது.

நேற்று நடுப்படியில் அப்படி நின்றபோது கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"கைய எடுங்க சார்," என்றேன். "கால் வந்துகினு இருக்கு."